1982இல் ஓல்ட்ஸ்–டிட்ஸ்பரியில் நடந்தது என்ன? அதற்கு முன்னும் பின்னும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஓல்ட்ஸ்–டிட்ஸ்பரி–த்ரீ ஹில்ஸ் தொகுதியில் 2025 ஜூனில் நடந்த இடைத்தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்ட கேள்வி: “கனடாவை விட்டுப் பிரியணும்னு சொன்ன கட்சி 1982ல இதே தொகுதியில ஜெயிச்சிருக்காமே, நிஜமா? அப்ப இந்தத் தடவை அதே மாதிரிக் கட்சி ஏன் மூணாவது இடத்துக்குப் போச்சு?”

நிஜம்தான். 1982 பிப்ரவரி 17 அன்று ஓல்ட்ஸ்–டிட்ஸ்பரி தொகுதி இடைத்தேர்தலில் வெஸ்டர்ன் கனடா கான்செப்ட் என்ற கட்சியின் கோர்டன் கெஸ்லர் ஜெயித்தார். மேற்கு மாகாணங்கள் கனடாவிலிருந்து பிரிய வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கொள்கை. ஆனால் 1982ஐ மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் திடீரென்று ஒருநாள் பிரிவினைவாதிகளாகி, மறுநாள் தெளிந்துவிட்ட மாதிரித் தெரியும். கொஞ்சம் பின்னால் போய் வந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். கல்கரியிலிருந்து வடக்கே எட்மன்டனை நோக்கிப் போகும் நெடுஞ்சாலை 2ஐ விட்டு, அதற்குப் பக்கத்திலேயே ஓடும் பழைய 2ஏ சாலையில் இறங்கினால் கார்ஸ்டேர்ஸ், டிட்ஸ்பரி, ஓல்ட்ஸ் என்று ரயில் பாதையை ஒட்டி ஊர்கள் வரிசையாக வரும். ஓல்ட்ஸில் சுமார் 9,000 பேர், டிட்ஸ்பரியில் 5,000 பேர். சுற்றிலும் கோதுமை, பார்லி, கனோலா, மாடுகள். நடுநடுவே எண்ணெய், எரிவாயுக் கிணறுகள். மேற்கே போனால் மலையடிவாரம், கிழக்கே போனால் த்ரீ ஹில்ஸ். இந்தத் தொகுதிக்குப் பெயரும் எல்லையும் பலமுறை மாறியிருக்கின்றன. 1905இல் ரோஸ்பட், 1909 முதல் ஓல்ட்ஸ், டிட்ஸ்பரி என்று இரண்டு தொகுதிகள், 1963இல் இரண்டும் சேர்ந்து ஓல்ட்ஸ்–டிட்ஸ்பரி, 1997 முதல் ஓல்ட்ஸ்–டிட்ஸ்பரி–த்ரீ ஹில்ஸ். ஒன்டாரியோவில் இருப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினரை எம்.பி.பி. என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். ஆல்பர்ட்டாவில் நம்மூர் போலவே எம்.எல்.ஏ.தான்.

1905இல் ஆல்பர்ட்டா மாகாணமான கையோடு நடந்த முதல் தேர்தலிலேயே இந்தப் பக்கம் ஊரோடு ஒத்துப் போகவில்லை. மாகாணம் முழுக்க லிபரல் அலை. மொத்தம் 25 இடங்களில் கன்சர்வேட்டிவ்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று ரோஸ்பட். ஜெயித்தவர் கொர்னீலியஸ் ஹீபர்ட். டிட்ஸ்பரி என்பதே ஒன்டாரியோவின் வாட்டர்லூ பக்கத்திலிருந்து 1894இல் வந்த மென்னோனைட் கிறிஸ்தவக் குடும்பங்கள் உருவாக்கிய ஊர், ஹீபர்ட்டும் மென்னோனைட்தான். ஆனால் அவருக்குத் தன் கட்சியோடும் ஒத்துப்போகவில்லை. சுயேச்சையாகி, 1909இல் சுயேச்சையாகவே நின்று லிபரலிடம் தோற்றார்.

அதே 1909இல் பக்கத்து ஓல்ட்ஸில் டங்கன் மார்ஷல் என்ற லிபரல் ஜெயித்து விவசாய அமைச்சரானார். 1913இல் மாகாண அரசு மூன்று விவசாயப் பள்ளிகளைத் தொடங்கியது. ஒன்று வெர்மிலியனில், முதல்வர் ஆர்தர் சிஃப்டனின் தொகுதி. இன்னொன்று ஓல்ட்ஸில், விவசாய அமைச்சரின் தொகுதி. மூன்றாவது கிளேர்ஸ்ஹோமில். யாருக்கு எது, ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஓல்ட்ஸில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஓல்ட்ஸ் கல்லூரி. அந்த ஊரின் பெயர் வெளியே தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பள்ளிக்கூடம் கொண்டுவந்த அமைச்சரை ஊர் காலாகாலத்துக்கும் கும்பிட்டதா என்றால், இல்லை. 1921 ஜூலையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். யு.எஃப்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்பர்ட்டா விவசாயிகள் சங்கம் அந்த வருடம்தான் நேரடியாகத் தேர்தலில் இறங்கி, 61 இடங்களில் 38ஐப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. ஓல்ட்ஸில் நெல்சன் ஸ்மித் அமைச்சர் மார்ஷலைத் தோற்கடித்தார்; டிட்ஸ்பரியில் ஆஸ்டின் கிளேபூல் ஜெயித்தார். (மார்ஷல் சும்மா இருக்கவில்லை. ஒன்டாரியோவுக்குப் போய் அங்கேயும் விவசாய அமைச்சராகி, பிறகு செனட்டரும் ஆனார். இரண்டு மாகாணங்களில் ஒரே துறைக்கு அமைச்சராக இருப்பது லேசான காரியமா!)

அந்த விவசாயிகள் சங்கத்தின் மூளை இதே மண்ணில் இருந்தது. ஹென்றி வைஸ் வுட், மிசௌரியிலிருந்து வந்து கார்ஸ்டேர்ஸ் பக்கம் பயிர் வைத்தவர், 1916 முதல் 1931 வரை சங்கத்தின் தலைவர். 1921இல் அவர் நினைத்திருந்தால் முதல்வராகியிருக்கலாம், வேண்டாம் என்றுவிட்டார். கட்சி அரசியலையே நம்பாதவர் அவர். எம்.எல்.ஏ. என்பவன் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவனாக இல்லாமல், அனுப்பிவைத்த ஊர்க்காரனுக்குக் கட்டுப்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பகுதியில் வேர்விட்டது அப்போதுதான் என்பது என் கருத்து. கட்சி போய்விட்டது, எண்ணம் போகவில்லை. கட்சி போன இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: யு.எஃப்.ஏ. என்ற மூன்று எழுத்துகளை இன்றும் இந்தப் பக்கச் சாலைகளில் பார்க்கலாம். டீசல் பங்கிலும், வேலிக்கம்பியும் மாட்டுத்தீவனமும் விற்கும் கடையிலும். ஆட்சி நடத்திய சங்கம், கூட்டுறவு நிறுவனமாக நிலைத்துவிட்டது.

யு.எஃப்.ஏ. அரசு செய்த ஒரு காரியம் பின்னால் வரும் கதைக்கு முக்கியம். 1924இல் வாக்களிக்கும் முறையையே மாற்றினார்கள். கிராமத் தொகுதிகளில் ஒரே பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போடுவதற்குப் பதிலாக 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லையென்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குச்சீட்டுகளை இரண்டாவது விருப்பப்படி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 1926 முதல் 1955 வரை இந்த முறையில்தான் தேர்தல் நடந்தது.

அப்புறம் 1935. கோதுமை விலை அதலபாதாளத்தில், நிலத்தின் மேல் வங்கிக் கடன், வறட்சி வேறு. கல்கரியில் வில்லியம் ஏபர்ஹார்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் ஞாயிற்றுக்கிழமை வானொலியில் வேதாகமப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பிரசங்கத்துக்கு நடுவே சோஷியல் கிரெடிட் என்ற பொருளாதாரக் கோட்பாட்டையும் கலந்துவிட்டார். வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் தருவோம் என்றார். பண்ணை வீட்டுச் சமையலறையில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட சனங்கள் அப்படியே சாய்ந்தார்கள். ஆகஸ்ட் 22 தேர்தலில் அதே பெயரில் இறங்கிய சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 63இல் 56 இடம். பதினான்கு வருடம் ஆண்ட யு.எஃப்.ஏ.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஓல்ட்ஸும் டிட்ஸ்பரியும் கூட்டத்தோடு போயின. 25 டாலர் வரவில்லை. வங்கிகளை மாகாணம் கட்டுப்படுத்த முயன்ற சட்டங்களை மத்திய அரசும் நீதிமன்றங்களும் தள்ளிவிட்டன. ஆனால் அதற்காக ஊர் ஏபர்ஹார்ட்மேல் கோபப்பட்டதைவிட ஒட்டாவாமேல், அதாவது தலைநகரில் இருக்கும் மத்திய அரசின்மேல் கோபப்பட்டதுதான் அதிகம். இந்த வரியை மனதில் வையுங்கள்.

1955இல் சோஷியல் கிரெடிட்டுக்கு 61இல் 37 இடங்கள்தான் கிடைத்தன. இரண்டாவது விருப்ப வாக்குகள் பல இடங்களில் எதிர்க்கட்சிகளைக் கரைசேர்த்தன. அடுத்த வருடமே முதல்வர் எர்னஸ்ட் மானிங்கின் அரசு அந்த முறையை எடுத்துவிட்டது. முதலில் வருபவருக்கே வெற்றி என்ற பழைய முறை திரும்பியது. ஜெயித்துக்கொண்டிருந்த கட்சி தன் வசதிக்குச் செய்த மாற்றம் என்று நான் நினைக்கிறேன். 1982இல் அந்த மாற்றம் அதே கட்சிக்கு உதவவில்லை.

இந்தத் தொகுதியின் ஆட்களில் எனக்குச் சுவாரசியமானவர் பாப் கிளார்க். 1960 இடைத்தேர்தலில் டிட்ஸ்பரியில் சோஷியல் கிரெடிட் சார்பில் நின்று ஜெயித்தபோது அவருக்கு வயது 23. தொகுதிகள் இணைந்த பிறகும் அவரே. அமைச்சரானார், 1968இல் கல்வித்துறை கைக்கு வந்தது. 1971இல் பீட்டர் லாஹீட்டின் புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ் கட்சி 36 வருட சோஷியல் கிரெடிட் ஆட்சியைக் கவிழ்த்தபோதும் கிளார்க் அசையவில்லை. 1975இல் லாஹீட் 75இல் 69 இடங்களை அள்ளினார். சோஷியல் கிரெடிட்டுக்கு மிஞ்சியது நான்கு. அதில் ஒன்று இவருடையது. 1979இலும் அப்படியே. 1973 முதல் 1980 வரை எதிர்க்கட்சித் தலைவர், அதுவும் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய ஒரு கட்சியை வைத்துக்கொண்டு. ஜனங்கள் கட்சிக்குப் போட்ட வாக்கு எது, கிளார்க்குக்குப் போட்ட வாக்கு எது என்பது அவர் இருக்கும்வரை தெரியாது. 1981 நவம்பரில் அவர் பதவி விலகினார். அப்போது தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஆல்பர்ட்டாவின் மனநிலை எப்படி இருந்தது? 1980 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்து பியர் ட்ரூடோ மறுபடி பிரதமரானார். ஒன்டாரியோவுக்கு மேற்கே அவருடைய லிபரல் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள், இரண்டும் மனிடோபாவில். ஆல்பர்ட்டாவில் ஒன்றுகூட இல்லாத அரசு அதே அக்டோபரில் தேசிய எரிசக்தித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எண்ணெய் விலையை உலக விலைக்குக் கீழே வைப்பது, புது வரிகள், மத்திய அரசுக்குப் பெரிய பங்கு. துளையிடும் இயந்திரங்கள் தெற்கே அமெரிக்காவுக்குக் கிளம்பின. வட்டி விகிதம் 1981 கோடையில் 20 சதவீதத்தைத் தாண்டியது. நிலத்தையும் டிராக்டரையும் கடனில் வாங்கியவனுக்கு அது கழுத்தில் கல். பெட்ரோல் லிட்டரிலும் தானியம் டன்னிலும் அளக்கப்படத் தொடங்கிய காலமும் அதுதான். மெட்ரிக் அளவை ஒரு பிரச்சினையா என்று சிரிப்பு வரும். ஏக்கரும் புஷலும் தெரிந்த கிழவனிடம் ஒட்டாவா வந்து இனிமேல் ஹெக்டேர் என்று சொன்னால், அவனுக்கு அது அளவை அல்ல, அதிகாரம்.

லாஹீட் இந்தத் திட்டத்தை எதிர்த்துக் கடுமையாகச் சண்டை போட்டவர். எண்ணெய் உற்பத்தியையே குறைத்துக் காட்டினார். ஆனால் 1981 செப்டம்பர் 1 அன்று ட்ரூடோவுடன் விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இருவரும் ஷாம்பெய்ன் கோப்பைகளை உயர்த்திச் சிரிக்கும் படம் நாளிதழ்களில் வந்தது. வீடு ஏலத்துக்கு வரும் நேரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அது தப்பு என்று லாஹீட்டே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

இந்தச் சூழலில்தான் இடைத்தேர்தல். கோபம் நிறைய இருந்தது, அதைக் கொண்டுபோய்ப் போடப் பெட்டி இல்லை. ஆளும் கட்சி ட்ரூடோவோடு கோப்பை தட்டிய கட்சி. சோஷியல் கிரெடிட்டில் கிளார்க் இல்லை. விக்டோரியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் டக் கிறிஸ்டி தொடங்கிய வெஸ்டர்ன் கனடா கான்செப்ட் அந்தப் பெட்டியாக வந்து நின்றது. வேட்பாளர் கெஸ்லர் எண்ணெய்த் துறையில் வேலை செய்தவர், ரோடியோ என்ற கௌபாய் சாகசப் போட்டிகளில் குதிரை ஓட்டியவர். ஊர்க்காரர்கள் தங்களில் ஒருவராகப் பார்க்கக்கூடிய ஆள். ஆங்கிலம்–பிரெஞ்சு இருமொழிக் கொள்கை, மெட்ரிக், எரிசக்தித் திட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திட்டினார். சுமார் 42 சதவீதம் வாங்கி ஜெயித்தார். சோஷியல் கிரெடிட்டின் லாயிட் குவான்ட்ஸ் இரண்டாவது, ஆளும் கட்சியின் ஸ்டீபன் ஸ்டைல்ஸ் மூன்றாவது.

கவனித்தீர்களா, 42 சதவீதம். மானிங் அரசு எடுத்துப்போட்ட அந்த விருப்ப வரிசை முறை இருந்திருந்தால் எண்ணிக்கை அங்கே நின்றிருக்காது. ஸ்டைல்ஸின் வாக்குகளைப் பிரித்திருப்பார்கள். பிரிவினைக்கு எதிரானவர்கள் குவான்ட்ஸ் பக்கம் ஒதுங்கியிருக்கலாம். அப்படியும் கெஸ்லரே ஜெயித்திருக்கலாம், அதை இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவருக்குப் போடவில்லை என்பது மட்டும் கணக்கு.

பிறகு நடந்ததைப் பார்த்தால் லாஹீட் எவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரியும். எண்ணெய் நிறுவனங்களின் மேலிருந்த மாகாண ராயல்டியைக் குறைத்தார். வீட்டுக்கடன் வட்டியில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் என்றார். நவம்பர் 2 அன்று பொதுத்தேர்தல் வைத்தார். இதற்கிடையில் கெஸ்லரின் கட்சிக்குள் யார் தலைவர் என்று குடுமிப்பிடி. கெஸ்லரோ ஜெயித்த தொகுதியை விட்டுவிட்டு, கல்கரிக்குத் தெற்கே ஹைவுட்டில் போய் நின்று தோற்றார். எட்டரை மாத எம்.எல்.ஏ. வாழ்க்கை அவ்வளவுதான். ஓல்ட்ஸ்–டிட்ஸ்பரியில் யார் ஜெயித்தது தெரியுமா? பிப்ரவரியில் மூன்றாவதாக வந்த அதே ஸ்டைல்ஸ். மாகாணம் முழுவதும் லாஹீட்டுக்கு 79இல் 75. வெஸ்டர்ன் கனடா கான்செப்ட் மொத்தத்தில் கிட்டத்தட்ட 12 சதவீத வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. சோஷியல் கிரெடிட் அத்தோடு சட்டமன்றத்திலிருந்து மறைந்தது. திரும்ப வரவே இல்லை.

அதற்குப் பிந்தைய முப்பது வருடங்களில் சொல்வதற்கு அதிகமில்லை. ஸ்டைல்ஸ், ராய் பிரஸ்ஸார்ட், ரிச்சர்ட் மார்ஸ் என்று வரிசையாகப் புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ்கள். 2012இல் மறுபடி ஆட்டம். ஆளும் கட்சி நகரத்துக்காரர்களின் கட்சியாகிவிட்டது என்ற வருத்தத்தில் வைல்ட்ரோஸ் கட்சி எழுந்தது; டேனியல் ஸ்மித் தலைமையில் 17 இடங்கள், பெரும்பாலும் தெற்குக் கிராமங்கள். இங்கே புரூஸ் ரோ ஜெயித்தார். ஆனால் 2014 டிசம்பர் 17 அன்று ஸ்மித் உட்பட ஒன்பது பேர் கும்பலாக ஆளும் கட்சிக்குத் தாவினார்கள். ரோவும் அதில் ஒருவர். ஆல்பர்ட்டாவில் கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஊர் வைத்திருந்தது வேறு சட்டம்: 2015இல் மறுபடி வைல்ட்ரோஸுக்கே போட்டார்கள். கார்ஸ்டேர்ஸில் கவுன்சிலராக இருந்த நேத்தன் கூப்பர் ஜெயித்தார். அந்தத் தேர்தலில்தான் மாகாணத்தில் இடதுசாரிச் சாய்வுள்ள என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) முதல்முறையாக ஆட்சியைப் பிடித்தது. வலதுசாரி வாக்கு பிரிந்ததால் வந்த வினை என்று கருதி, 2017இல் வைல்ட்ரோஸும் புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ் கட்சியும் சேர்ந்து யு.சி.பி. (ஐக்கிய கன்சர்வேட்டிவ் கட்சி) ஆயின. இணைந்த கட்சியின் இடைக்காலத் தலைவராக இருந்தவர் கூப்பர். 2019 முதல் சட்டமன்ற சபாநாயகர். 2019, 2023 இரண்டிலும் முக்கால்வாசி வாக்கு அவருக்குத்தான்.

2025இல் அமெரிக்காவில் ஆல்பர்ட்டாவின் பிரதிநிதியாக வாஷிங்டனுக்குப் போக கூப்பர் பதவி விலகினார். ஜூன் 23 இடைத்தேர்தல். ஏப்ரலில்தான் லிபரல்கள் ஒட்டாவாவில் மறுபடி ஜெயித்திருந்தார்கள். பிரிவினைப் பேச்சு சூடுபிடித்திருந்தது. பிரிவினை கேட்கும் ஆல்பர்ட்டா ரிபப்ளிகன் கட்சியின் தலைவர் கேமரன் டேவிஸ் நேரடியாக இங்கே வந்து நின்றார். 1982 திரும்பப் போகிறது என்று எழுதாத பத்திரிகையாளர் குறைவு. முடிவு: யு.சி.பி.யின் டாரா சாயர் சுமார் 61 சதவீதம், என்.டி.பி. சுமார் 20, டேவிஸ் 18ஐத் தொடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். 1982இல் கோபத்துக்குச் சட்டமன்றத்தில் வீடு இல்லை; 2025இல் ஆளும் கட்சியே அந்த வீடு. முதல்வர் அதே டேனியல் ஸ்மித். 2022இல் பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக, மாகாணத்துக்குப் பாதகமான மத்திய சட்டங்களை ஏற்க மறுக்க வழி செய்யும் இறையாண்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். பொதுவாக்கெடுப்பு கேட்டு மக்கள் மனுப் போடுவதற்குத் தேவையான கையெழுத்து எண்ணிக்கையை 2025இல் குறைத்தவர். ஒட்டாவாவைத் திட்ட விரும்பும் விவசாயி அதற்காகப் புதுக் கட்சி தேட வேண்டியதில்லை. லாஹீட் இடைத்தேர்தலில் தோற்ற பிறகு செய்ததை ஸ்மித் முன்கூட்டியே செய்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதற்காக 18 சதவீதத்தைக் குறைவென்று ஒதுக்கவும் வேண்டாம். கனடாவே வேண்டாம் என்ற கட்சிக்கு, ஆளும் கட்சி இவ்வளவு இடம் கொடுத்த பிறகும், ஏறக்குறைய ஆறில் ஒருவர் போட்டிருக்கிறார். ஐந்தில் ஒருவர் என்.டி.பி.க்குப் போட்டிருக்கிறார் என்பதும் அதே பெட்டியிலிருந்து வந்த செய்திதான். தலைப்புச் செய்திகளில் அது அவ்வளவாக வரவில்லை.

ஜெயித்த டாரா சாயர் ஆக்மி ஊர்ப் பக்கம் தானியம் பயிரிடுபவர், கனடாவின் தானிய விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். கட்சி அரசியலே வேண்டாம் என்றிருந்த வுட் கார்ஸ்டேர்ஸில் பயிர் வைத்த நிலத்திலிருந்து ஆக்மிக்குக் காரில் போக அதிக நேரம் ஆகாது.